எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே மணி

ஐம்பதுகளில் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே டெலிபோன் கம்பி. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனி மணி. எங்களுக்கு நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் விடாமல் ஒரு நீள மணி அடிக்கும். டவுன் மாதா கோயிலிலிருந்து பங்குச் சாமியார் எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் மணி அது. அடுத்த பூசை எந்தத் தோட்டத்தில், யாருக்குக் கல்யாண அறிவிப்பு ஓலை, யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, யார் போய்ச் சேர்ந்தார்கள் எல்லாம் அதில்தான் வரும். சாமியாரை நேரில் பார்ப்பதே அபூர்வமாக இருந்த எங்களுக்கு அந்த மணியை விட்டால் வேறு வழியில்லை.

எங்கள் தோட்டத்தில் அதை எடுப்பவர் அப்பா. தேயிலை பேக்டரியில் இஞ்சின் பார்ப்பது வேலை, கோயிலுக்கு உபதேசியார், சாமியார் வராத நாளில் செபம் நடத்துபவர். பேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா இந்துவாக இருந்தும் அந்த நேரத்துக்கு டெலிபோன் இருந்த ஆபீஸைத் திறந்துவைப்பார். அப்பா தலைப்பாகையைக் கழற்றிவிட்டுத்தான் ரிசீவரைத் தொடுவார். சாமியாருக்குக் கம்பி வழியாகத் தலை தெரியுமா என்று கேட்டால் என்னை முறைப்பார். கேட்டதை ஒன்றுவிடாமல் மனதில் வைத்து, நாங்கள் குடியிருந்த லயத்தில் செபமாலை முடிந்ததும் கணீரென்று சொல்வார்.

அந்தக் கம்பியில் ரகசியம் தங்காது. பொகவந்தலாவை கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியின் டெலிபோனும் அதே கம்பிதான். அவரும் எடுத்துக் கேட்பார். துணி வாங்கப் போகிறவர்களிடம், "நாளைக்கு ஒங்களுக்குப் பூச மேப்பிரிவுல, தெரியுமில்ல?" என்று அவரே ஞாபகப்படுத்துவார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பூசைக்கு நேரத்தோடு வந்தது அவர் தயவில்தான்.

அக்கா ஓர் இந்துவைக் கட்டிக்கொண்டு பொகவந்தலாவைக்குப் போனபோது அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நான் செத்தா வரட்டும்." அம்மா இல்லாத வீடு, அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை. ஊரார் வீட்டுப் பிறப்பு இறப்பையெல்லாம் வாய் நிறையச் சொல்கிற மனுஷர், அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததை மட்டும் காதில் விழாத மாதிரி விட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் ஐயா கையை விரித்துவிட்டார். சாமியார் ஜீப்பில் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டுக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். உயிர் இருக்கும்போதே அக்கா வந்து அப்பாவைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"சாமி, அக்காவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லுங்க."

"ஒங்க அப்பாகிட்டக் கேட்டேம்மா. வேணாம்னு தலைய ஆட்டிட்டாரு. இந்த நெலமையில அவரு பேச்ச நான் எப்படி மீறுறது?"

அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர், "இன்னைக்குச் சனிக்கிழமதானே. சபையாரு வேண்டிக்கணும்னு அறிவிக்கிறேன். கம்பியில யாரு யாரு கேக்குறாங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்" என்றார்.

எங்கள் மலையில் சாமியார் எண்ணெய் பூசிவிட்டால் ஆள் முடிந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றானபிறகே அவரைக் கூப்பிடுவோம். பூசியபின் பிழைத்தவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் சனிக்கிழமை புறப்பட்ட அறிவிப்பு, ஞாயிறு விடிவதற்குள் சாவுச் செய்தியாகி எல்லாத் தோட்டத்தையும் சுற்றிவிட்டது. காலையிலேயே ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். அப்பாவோ காய்ச்சல் விட்டு, வேர்த்து, கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் திருதிருவென்று முழித்தார்கள். ஒருவர் தன் மாலையை மாதா படத்துக்குப் போட்டுச் சமாளித்தார்.

முதல் பஸ்ஸில் அக்கா வந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையிலிருந்தே அழுதுகொண்டு வந்தாள். கையில் கோடி வேட்டி, செத்த தகப்பனுக்கு மகள் போர்த்தும் புதுத்துணி. புடவைக்கடை முதலாளி ஆள் விட்டு அவளுக்குச் சொல்லி, விடியுமுன் கடையைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்து, பஸ்ஸிலும் ஏற்றிவிட்டிருக்கிறார். வாசலைத் தாண்டியவள், அப்பாவின் கண்கள் திறந்திருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். வெளியே போ என்று சொல்லிவிடுவாரோ என்று நான் அப்பா பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"நீங்க செத்துட்டீங்கன்னு சொன்னாங்கப்பா. அதான் வந்தேன்."

சொல்லிக்கொண்டே கோடியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். அப்பா அந்தத் துணியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"குளுருது. கொண்டாந்தத போத்து" என்றார்.

உயிரோடு இருக்கிறவருக்குக் கோடியா என்று கூடியிருந்த பெண்கள் பதறினார்கள். அப்பா காதில் வாங்கவில்லை. அக்கா போர்த்திவிட்டாள். அவர் வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பிள்ளையையும் உள்ளே இழுத்துக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை என் தோளைப் பிடித்துக்கொண்டு பேக்டரிக்கு வந்தார். வர வேண்டாம் என்று சொன்னதற்கு என்னைத்தான் திட்டினார். சாமியார் எல்லா அறிவிப்பையும் சொல்லி முடித்து, "உபதேசியாரே, ஒங்க பக்கம் ஏதாவது சேதி இருக்கா?" என்று கேட்டார்.

"ஒன்னு இருக்கு சாமி. எல்லாத் தோட்டத்துலயும் கேட்டுக்கங்க. எம் மூத்த மக பேரனத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கு."