சாத்தானுக்கு ஒரு கடிகாரம்

ஸ்பீரு சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தப்பாகத் திருப்பி வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று, போதுமான அளவு தப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். திருப்தியில்லை. மறுபடி நாற்காலியில் ஏறி இன்னும் கொஞ்சம் கெடுக்கிறார். அதற்குப் பிறகுதான் ஊர் பாண்டு வாத்தியச் சங்கத்தின் தேநீர்க் கடையில் அன்றைய முதல் பால் அடுப்பில் ஏறும்.

மால்டாவின் மாதா கோயில்களில் இரண்டு கடிகாரம் உண்டு. ஒன்று சரியான நேரம் காட்டும், அது ஜனங்களுக்கு. மற்றது தப்பான நேரம் காட்டும், அது சாத்தானுக்கு. பூசை எப்போது என்று தெரியாமல் அவன் திண்டாட வேண்டும். கோயிலுக்கு ஆகும் பாதுகாப்பு சங்கத்துக்கும் ஆகும் என்பது ஸ்பீருவின் கட்சி. அவருடைய கைக்கடிகாரம் மட்டும் சரியாக ஓடும். அதை யாருக்கும் காட்டமாட்டார்.

ஆள் குள்ளம். சோடாப் பெட்டிமேல் நின்றுதான் ரொட்டியில் தக்காளியைத் தேய்ப்பார். தேய்க்கும்போது வாய் சும்மா இருக்காது. மால்டா தேசியக் கூடைப்பந்து அணியின் வரலாறு ஓடிக்கொண்டிருக்கும். முதல் அணியில் ஒருவர் எங்கள் பாண்டின் பெரிய ஊதுகுழல்காரர். உயரத்துக்காக எடுத்தார்கள். அவருக்கு மூச்சைப் பிடித்து ஊதத் தெரியும், ஓடத் தெரியாது. திருவிழாத் தோரணத்தில் மிஞ்சிய துணியில் சட்டை தைத்தார்கள். வேர்வை பட்டதும் சிவப்புச் சாயம் வழிய, எதிரணி பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டது. அப்புறம் ஒரே ஊரின் இரண்டு சங்கங்களைச் சேர்ந்த இருவர். எதிர்ச் சங்கத்துக்காரனுக்குப் பந்தைக் கொடுப்பதைவிட வெளிநாட்டுக்காரனுக்கே கொடுத்துவிடலாம் என்று இருவருமே நினைத்தார்கள். கொடுத்தும் விட்டார்கள்.

மொத்தம் எத்தனை தோல்வி என்று கேட்டால் ஸ்பீருவுக்குக் கோபம் வரும். “நாம எங்கய்யா தோத்தோம்? நேரம் பத்தல, அவ்வளவுதான்,” என்பார்.

ஒரு வெற்றி உண்டு. அதைச் சொல்லும்போது ரொட்டியைக் கீழே வைத்துவிடுவார். அன்று மேசையில் உட்கார்ந்து ஆட்ட நேரம் பார்த்தவர் அவர்தான். எதிரே எங்களைவிடச் சின்ன நாடு. பெயரைச் சொன்னால் வருத்தப்படுவார்கள். அவர்கள் ஒரு புள்ளி முன்னால். பந்தும் அவர்களிடம். வெளியே திருவிழா வெடி ஒன்று வெடித்தது. அவர்களுடைய ஆள் ஆட்டம் முடிந்ததென்று பந்தைக் கூரைக்கு வீசிவிட்டுத் தன் ஆட்களைக் கட்டிக்கொண்டார். பந்து நம்மவர் கையில் வந்து விழுந்தது. போட்டார். அதற்கப்புறம்தான் நிஜமான மணி அடித்தது.

“வெடியை மட்டும் சொல்றாரே, சுவத்துல என்னத்த மாட்டி வச்சிருந்தார்னு கேளுங்க,” என்பார் சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி சென்ஸா. ஸ்பீருவுக்கு அப்போது காது கேட்காது. சாத்தானைக் குழப்புவதற்காக ஆட்ட அரங்கின் எதிர்ச் சுவரில் வேகமாக ஓடும் இரண்டாவது கடிகாரத்தை அவர் மாட்டியிருந்தது சங்கத்துக்கே தெரியும். வெடித்த நேரத்தில் அதன் முள்ளும் ஆட்ட நேரம் முடிந்ததாகக் காட்டி நின்றிருந்தது. சங்கம் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன ஞாயிறு ஒரு வெளிநாட்டுத் தம்பதி தேநீர் குடிக்க வந்தார்கள். கணவர் நெட்டையான கிழவர், பெயர் ஆர்மான். சுவரிலிருந்த அணியின் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பந்தை வீசிய ஆள் தான்தான் என்றார். பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த சங்கத்துக்காரர்கள் கோலை வைத்துவிட்டு நெருங்கி வந்தார்கள். அவர் சண்டைக்கு வரவில்லை. இன்றைக்கும் தன் ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு ரொட்டியை மேலே வீசி ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்களாம். சொந்தப் பேரன்கள் உட்பட.

“சுவத்துல ஒரு கடிகாரம் இருந்துச்சுங்க. முள்ளு முடிஞ்சு நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன். ஊர்ல ஒருத்தரும் நம்பல, இவளே நம்பல. அப்படி ஒண்ணு இருந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. யாரு மாட்டினது?”

சங்கத்தில் ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் தன் செருப்பை. செயலாளர் நேனு எங்கள் பாஷையில் ஸ்பீருவின் காதோரம் முணுமுணுத்தார்: “அண்ணே, வாயத் தொறந்துடாதீங்க. நமக்கு இருக்கறதே ஒண்ணுதான்.”

ஸ்பீரு அடுத்த தக்காளியைக் கத்தியால் இரண்டாக வெட்டினார். அந்த ஒன்று போனால் ரொட்டி தேய்க்கும்போது எதைச் சொல்வது? ஆர்மானின் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கணவரின் முழங்கையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளை புளுகும்போது சிரிப்பதுபோல. அந்தச் சிரிப்பை ஸ்பீருவுக்கு நன்றாகத் தெரியும். சென்ஸாவிடம் தினமும் வாங்குகிறார். பாவம் இந்த மனுஷன், இத்தனை வருஷமா உண்மையைச் சொல்லியே இதை வாங்கியிருக்கிறானே என்று நினைத்தார்.

கத்தியைக் கீழே வைத்தார். நடுவரின் விசில் கேட்டதும் தவறு செய்த ஆட்டக்காரர் நிமிர்ந்து நின்று கையை உயர்த்துவாரே, அதேபோல் வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினார். தக்காளிச் சாறு முழங்கை வரை வழிந்தது. ஆர்மானின் மனைவி சிரிப்பை நிறுத்தும் வரை கையை இறக்கவில்லை.