நாங்கள் ஏறாமல் விட்ட நார்வே படகு

குளிர்காற்றில் டீசல் புகையும் மீன் கவிச்சியும் கலந்து வந்த அந்த வாடை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது... நார்வேயில் ஒரு படகுத்துறை. ஊர் பேர் அன்றைக்கும் என் வாயில் நுழையவில்லை, இன்றைக்கும் நுழையவில்லை.

"ஓசூர் குளிரையே பாத்தவங்க நாங்க" என்று பீற்றிக்கொண்டு போனவள் நான். இறங்கிய முதல் நாளே பல் தந்தியடித்தது. ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேல் குரங்கு குல்லா... போட்டோவில் என்னை எனக்கே அடையாளம் தெரியாது.

என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று முப்பது வருஷம். நான் வேறொரு கம்பெனியில் ஜெனரல் ஷிப்ட். ஒரே வீடுதான். நான் எழுந்தால் அவர் படுப்பார், நான் படுத்தால் அவர் கிளம்புவார்.

அவர் ரிட்டயர் ஆனதும் மகள்தான் பெங்களூரில் ஒரு குரூப் டூரில் எங்களைச் சேர்த்துவிட்டாள். டென்மார்க், ஸ்வீடன், நார்வே... பத்து நாள். மொத்தம் முப்பத்திரண்டு பேர். டூர் மேனேஜர் பையன் போகிற இடத்திலெல்லாம் "ஒந்து, எரடு, மூரு" என்று கன்னடத்தில் தலை எண்ணிக்கொண்டே இருப்பான்.

எனக்கு அந்த டூரில் ஒரே ஒரு ஆசை. மலைக்கு நடுவே கடல் நுழைந்து போகும் இடத்தில், ஃபியார்டு என்கிறார்களே, அதில் இரண்டு மணி நேரம் படகுப் பயணம். அந்தப் படத்தை டூர் புத்தகத்திலிருந்து வெட்டி ரெண்டு மாதமாக ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன். எங்கள் பஸ் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாகப் போய் அந்தப் பக்கம் காத்திருக்கும் என்றார்கள்.

படகு வந்ததும் முதல் ஆளாக ஓடி, மேல்தளத்தில் முன்வரிசையில் சால்வை போட்டு ரெண்டு சீட் பிடித்தேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்ட கை... நார்வே போனால் மட்டும் சும்மா இருக்குமா?

மணி அடித்தார்கள். பையன் எண்ணினான். முப்பத்தொன்று.

எட்டிப் பார்க்கிறேன்... என் வீட்டுக்காரர் கரையில் ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்கிறார். காலடியில் ஒரு கறுப்புப் பை. ஜெயநகர் பேங்க் மேனேஜர் ஒருவர் "ஒரு நிமிஷம் பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர், பையை மறந்து நேராகப் படகில் ஏறி, எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கத்தினோம், கை காட்டினோம். இன்ஜின் சத்தத்தில் கரையில் நின்ற என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவரும் பையைக் காட்டிக் கை ஆட்டினார்... "ஆள் இன்னும் வரல" என்று.

எனக்குச் சுருக்கென்றது. மகள் பிறந்த அன்றைக்கும் இதே கதை. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பொறுப்பை வாங்காமல் மெஷினை விட்டு நகரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அன்று அந்த ஆள் வரவில்லை. நான் வலியில் துடித்த நேரம் முழுக்க இவர் மெஷின் பக்கத்தில் நின்றார். பிள்ளை பிறந்து ஆறு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் இந்த மனுஷனுக்கு நான் எத்தனாவது இடம் என்ற கேள்வி என் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை.

"அவர் பஸ்ல வரட்டும் மேடம், டிரைவர் இன்னும் கிளம்பல. நீங்க உக்காருங்க" என்றான் பையன்.

உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இன்றைக்கு இவரை ஒரு கை பார்த்துவிடுவது என்று சால்வையை உருவிக்கொண்டு இறங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் படகு கிளம்பிவிட்டது.

"ஏங்க, அறிவிருக்கா உங்களுக்கு? அந்த ஆளு போட்ல உக்காந்து பிஸ்கட் தின்னுகினு இருக்கான்!"

"இங்கதான பாத்துக்கச் சொன்னாரு? நான் பைய எடுத்துகினு வந்து, அவுரு இங்க வந்து தேடுனா இன்னா பண்றது?" பிறகு படகைப் பார்த்தார். "நீ ஏன் லட்சுமி எறங்குன? ஆசையா படமெல்லாம் ஒட்டி வச்சிருந்தியே..."

"பிரசவத்துக்கும் வரல, போட்டுக்கும் வரல!"

எப்படித்தான் வாயில் வந்ததோ. மனுஷன் அந்தப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

அவ்வளவு பெரிய பஸ்ஸில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும். சுரங்கத்துக்குள் நுழைந்தது... முடியவே இல்லை. பார்க்க இருட்டும் லைட்டும் தவிர ஒன்றுமில்லை. அப்போதுதான் முன் சீட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு நான் வந்திருக்கணும். சூப்பர்வைசர்கூட போய்யான்னாரு. வேல பர்மனென்ட் ஆவல, பயந்துகினு நின்னுட்டேன். தப்பு என்னுதுதான்."

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ முழிச்சிருக்கிற நேரத்துல நான் எங்க வீட்ல இருந்தேன்?"

அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ஓட்டினார்.

அந்தப் பக்கக் கரையில் ஒரு மர பெஞ்சில், கொண்டுபோயிருந்த தட்டையைக் கொறித்தபடி ஒன்றரை மணி நேரம் பேசினோம். என்ன பேசினோம் என்றால் உருப்படியாக ஒன்றும் இல்லை... எதிர்வீட்டுச் சண்டை, விற்ற ஸ்கூட்டர், சின்ன வயசில் மகள் அடித்த லூட்டி. படகு வந்து எல்லோரும் இறங்கி "அருவி பார்த்தோம், ஐயோ மிஸ் பண்ணிட்டீங்களே" என்று உச்சுக்கொட்டினார்கள். எனக்குத் துளிகூடப் பொறாமை வரவில்லை.

அவர் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. இப்போது நானும் ரிட்டயர். ஷிப்டும் கிடையாது, சைரனும் கிடையாது, நாள் முழுக்க நேரம்தான். பேசத்தான் ஆள் இல்லை. டூர் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது அந்தப் படகு போட்டோவை இன்னும் போடுகிறார்கள். எல்லோரும் இருக்கிறார்கள், நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இல்லை.

போன வாரம் மகள் சொன்னாள்: "அம்மா, நாம எல்லாரும் சேந்து இன்னொரு தடவ நார்வே போலாம்மா. இந்தத் தடவ உன்ன அந்தப் போட்ல ஏத்தாம உட மாட்டேன்."

"போலாம்டி" என்றேன். "நீங்கல்லாம் போட்ல போங்க. நான் பஸ்ல வந்துடறேன்."