அடிப்பக்கத்துக்கு இரண்டு கோட்

பாலிஷ் என்று சொன்னால்தான் அவரைத் தெருவில் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவரே ஒரு நிமிடம் யோசிப்பார். இருபத்தாறு வருஷம், பழைய கார் விற்கும் கடையொன்றின் பின்பக்கம் மல்லாந்து படுத்தே வேலை பார்த்த மனுஷர். என்ன பெரிய வேலை? துரு அரித்துப்போன அடிப்பக்கத்தில் கறுப்பு பெயிண்ட் அடிக்கிற வேலை. ஓட்டையில் பட்டிப் பசையைத் திணித்து மேலே கறுப்பை அடித்துவிட்டால், வாங்க வருகிறவன் குனிந்து பார்க்கும்போது அது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பூசி மெழுகுவது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அவர் அதைச் செய்தே குடும்பம் நடத்தினார்.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது, அவளுடைய வகுப்புத் தோழியின் அப்பா அந்தக் கடையில் ஒரு கார் வாங்கினார். ஐந்தாம் மாதம், பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்பு பிய்ந்துகொண்டு வந்து வண்டி உருண்டது. ஆள் பிழைத்தார், இடது கால் போனது. அன்று ராத்திரி சாப்பிடும்போது பாலிஷ் சொன்னது இவ்வளவுதான்: “முதலாளி சொன்னாரு, அடிச்சேன். நான் என்ன பண்றது?” மகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவை மரியாதையாகத்தான் நடத்தினாள். ஆனால் அவர் கையிலிருந்து எதையும் வாங்கிக்கொண்டதில்லை. அவள் கல்யாணத்துக்கு அவர் எடுத்த வாட்ச்கூட இன்னும் அவர் வீட்டு பீரோவில் கிடக்கிறது.

இப்போது மகளுக்குத் தூரத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும், போகிற வழியில் இரண்டு பிள்ளைகளையும் பள்ளியில் விட வேண்டும். பாலிஷுக்கு மனசு அடித்துக்கொண்டது. தன் காரை அவளுக்குக் கொடுத்துவிடுவது, இதையாவது அவள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தார்.

வீட்டுக் கொட்டகையில் காரை நான்கு ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றினார். அறுபத்தோரு வயதில் பதினொரு நாள் அடியில் கிடந்தார். கம்பி பிரஷ்ஷால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தார். துருப்பொடி கண்ணில், மூக்கில், காதில். இடது பக்கக் கதவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு அரித்திருந்தது. பழைய பாலிஷ் என்றால் அங்கே பட்டியைத் திணித்திருப்பார். இவர் வெட்டி எறிந்துவிட்டு, வெல்டரைக் கூப்பிட்டுப் புதுத் தகடு வைத்தார். பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளி பெயிண்ட் படக் கூடாதென்று செய்தித்தாள் சுற்றி டேப் ஒட்டினார்.

கறுப்பை அவர் தொடவே இல்லை, அதைக் கவனியுங்கள்! அடிப்பக்கம் முழுக்க வெளிர் சாம்பல். எங்கே துரு கிளம்பினாலும் மறுநாளே காட்டிக்கொடுத்துவிடும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் காலிபருக்குச் சூடு தாங்கும் மஞ்சள்; பிரேக் ஆயில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் தெரியும். பிரைமருக்கு மேல் இரண்டு கோட். இதில் ஒரு இம்மிகூட ஏமாற்று இல்லை.

“எனக்குக் கழுத்து வலின்னா ஒரு தைலம் தேய்ச்சுவிட ஆளில்ல. காருக்கு என்ன உபசாரம் பாரு!” என்றாள் மனைவி.

“உனக்குத் துருவா பிடிச்சிருக்கு?”

“பிடிச்சாத்தான் திரும்பிப் பாப்பீங்க போல.”

அவர் அந்தப் பதினொரு நாளும் சந்தோஷமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் டார்ச்சோடு அடியில் நுழைந்து, “மாமா, புது வண்டிகூட இப்படி இருக்காது!” என்று அங்கிருந்தே கத்தினான்.

மகள் குனிந்து ஒரே ஒரு முறை பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் இறுகிப்போனது.

“எதுக்குப்பா பெயிண்ட் அடிச்சீங்க?”

“துருப் பிடிக்காம இருக்கத்தாம்மா. இந்தக் கதவுக்குக் கீழ அரிச்சிருந்துச்சு. வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சேன். வேணும்னா வெல்டரைக் கேளு.”

“சொன்ன இடம் சரி. சொல்லாத இடம்?”

பாலிஷ் ஸ்க்ரூடிரைவரை எடுத்து மண்டியிட்டு, பதினொரு நாள் உழைப்பைச் சரக்கென்று ஒரு கோடு கிழித்தார். உள்ளே இரும்பு வெள்ளையாக மின்னியது.

“பாத்துக்க.”

“கடைக்கு வர்றவங்களுக்கும் இப்படித்தானே சுரண்டிக் காட்டுவீங்க? எது நல்ல இடம்னு உங்களுக்குத் தெரியும்.”

“அப்போ நீயே சொல்லும்மா. எந்த இடம்னாலும் சுரண்டுறேன்.”

“எனக்கு இதைப் பத்தி என்னப்பா தெரியும்? அடிக்காம அப்படியே குடுத்திருந்தா, கண்ணுக்குத் தெரியற துருவோட வாங்கிட்டுப் போயிருப்பேன். இதுல என் பிள்ளைங்கள ஏத்த என்னால முடியாது.”

“ஏய், அவரு எவ்வளவு கஷ்டப்பட்டு...” என்று மருமகன் வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். டீ ஆறிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். பாலிஷ் வாசல் வரைக்கும் போகவில்லை. அவளைக் குறை சொல்ல அவருக்கு வாய் ஏது? அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கடையில் அவர் அப்படித்தான் சுரண்டிக் காட்டியிருக்கிறார். கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மத்தியானம் கொட்டகையில் கர்ரென்று சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். பாலிஷ் டிரில்லில் கம்பி பிரஷ்ஷை மாட்டிக்கொண்டு அடியில் கிடந்தார். சாம்பல் பெயிண்ட் பொடியாக அவர் நெஞ்சில் கொட்டிக்கொண்டிருந்தது.

“ஐயோ, பைத்தியமா பிடிச்சிருக்கு? நல்லா இருக்கிறதை எதுக்குங்க உரிக்கிறீங்க? மழைக்காலம் வந்தா முழுசும் துருப் பிடிச்சிடுமே!”

“பிடிக்கட்டும்,” என்றார் அவர். “அப்பவாவது வந்து எடுத்துட்டுப் போறாளான்னு பாப்போம்.”

சொல்லிவிட்டு, அடுத்த சக்கரத்துப் பக்கம் நகர்ந்து படுத்தார்.