குப்பண்ணன் குதிரை சாமியாரான கதை

எலப்புள்ளிப் பண்ணாடி வீட்டு ஆண்குதிரை பவுனு ஒருதரம் கனைத்தால், கோபாலபுரத்தில் கட்டிக் கிடக்கும் பெட்டைக் குதிரைகளெல்லாம் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவரும். சரி, கொஞ்சம் கூடத்தான் சொல்லிவிட்டேன். கோபாலபுரம் வரைக்கும் அந்தச் சத்தம் போகாது. பக்கத்துப் பனந்தோப்பு வரைக்கும் போகும். அப்படி ஓடிவந்ததும் பெட்டைக் குதிரை அல்ல, மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த கள் இறக்குகிறவர். ஆனால் பவுனுவின் அழகைப் பற்றிச் சொல்வதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை. செவலை நிறம். நெற்றியில் திருநீறு இழுத்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு. கழுத்தை வளைத்து அது நடந்து வந்தால், வாசலில் சாணி தெளிக்கிறவள் சாணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்.

பவுனு நிலபுலம் உடைய பெரிய பண்ணைக்காரரான பண்ணாடியுடையது. ஆனால் பண்ணாடியை அது யாரோ ஊர்க்காரர் என்றுதான் நினைத்திருந்தது. அதற்குத் தெரிந்த ஒரே மனிதன் லாயக்காரன் குப்பண்ணன். குட்டியாகத் தாய் மடியை முட்டிக்கொண்டிருந்த நாளிலிருந்து அவன் கையால் தின்று, அவன் பக்கத்தில் படுத்து வளர்ந்தது. குப்பண்ணனும் மனிதர்களிடம் பேசியதைவிட அந்தக் காதில் பேசியதே அதிகம்.

"அதுகிட்டச் சொல்றதுல பாதி எங்கிட்டச் சொல்லுங்க. நானுந் தலையாட்டறேன்" என்பாள் அவன் மனைவி கருப்பாத்தாள்.

"நீ குறுக்க பேசுவ புள்ள. அது பேசாது."

பண்ணாடிக்கு வயலும் தோப்பும் போக ஒரு பொதிக்குதிரைக் கூட்டமும் இருந்தது. மறையூரில் கரும்புச் சாறு காய்ச்சி உருட்டும் வெல்லச் சர்க்கரையை வண்டி ஏறாத மலைப்பாதை வழியாகக் குதிரை முதுகில் இறக்கிக் கொண்டுவருவது அதன் வேலை. கூட்டத்துக்கு முன்னால் போவது பவுனு. அதன் கழுத்தில் அகலமான தோல்பட்டை, பட்டை நிறைய வெண்கல மணி. வளைவுக்கு அந்தப் பக்கம் எதிரே வருகிறவன் மணிச்சத்தம் கேட்டதும் தன் மிருகத்தைப் பாறையோரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இது மலைப்பாதை வழக்கம்.

அந்தப் பாதையில் ஒரு கஷ்டம் உண்டு. காயடிக்காத ஆண்குதிரையை முன்னால் விட்டுக்கொண்டு போகும்போது எதிரே ஒரு பெட்டை வந்தால் என்ன ஆகும்? முன்னங்காலைத் தூக்கும், கனைக்கும், பின்னால் கட்டிய கூட்டமெல்லாம் சர்க்கரை மூட்டையோடு பள்ளத்தில் கிடக்கும். அதனால் குப்பண்ணன் பவுனுவைக் குட்டியிலேயே பழக்கினான். மணிப்பட்டை கழுத்தில் ஏறிவிட்டால் பெட்டையை மோப்பம் பிடிக்கக் கூடாது. மூக்கை நீட்டினால் புளியங்குச்சியால் மூக்கின்மேல் ஒரு தட்டு. மூக்கைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தால் ஒரு துண்டுச் சர்க்கரை. சீக்கிரமே பவுனு தேறிவிட்டது. எதிரே அழகான பெட்டை உரசிக்கொண்டு போனாலும் அது ஆனைமலையைப் பார்த்துக்கொண்டு நடக்கும். பாதையில் போகிற வருகிறவர்கள் அதிசயித்தார்கள். குப்பண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்படி இருக்கையில் கூட்டத்துக் குதிரைகள் ஒவ்வொன்றாக வயசாகி ஓய்ந்தன. பண்ணாடி ஒரு நாள் லாயத்துக்கு வந்து பவுனுவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏண்டா குப்பா, இவ்வளவு அழகனை வெச்சுக்கிட்டு நாம எதுக்குடா வெளியூர்ல குதிரை வாங்கோணும்? இதையே பெட்டையோட சேத்துப் பொலிக்கு விட்டரலாம்."

"விட்டரலாமுங்க பண்ணாடி."

"மூணாத்துப் பக்கம் ஒரு எஸ்டேட்ல நல்ல பெட்டை இருக்குதாம். சொல்லி அனுப்பிச்சிருக்கறேன். முதல் குட்டி அவுங்களுக்கு, அடுத்தது நமக்கு. ஆனா ஒண்ணு. இது பொலிக்கு ஆகலைன்னா சும்மா முறுக்கிக்கிட்டு நிக்கற கடாவை வெச்சுத் தீனி போட மாட்டேன். பெரியமுத்துவை வரச்சொல்லிக் காயடிச்சு வண்டியில பூட்டிருவேன்."

போன வருஷம் இதே பெரியமுத்து இதே லாயத்தில் ஒரு கறுப்புக் குதிரைக்குக் கிட்டி போட்டு நசுக்கிக் காயடித்தான். கவட்டை வீங்கி, காய்ச்சல் கண்டு, நிற்க முடியாமல் செத்தது. அதைப் புதைக்கக் குழி வெட்டியவனும் குப்பண்ணன்தான்.

"ஆகாம எங்கீங்க போகுது" என்றான்.

பெட்டை வந்தது. சாம்பல் நிறம், மலைக்குளிரில் வளர்ந்த அடர்ந்த மயிர். அதை நடத்தி வந்தவன் எஸ்டேட் லாயத்துப் பவுல்ராஜ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைக் காட்டுக்குப் போன குடும்பம். பேச்சில் இன்னும் தாமிரபரணித் தண்ணீர் காயவில்லை.

"அண்ணாச்சி, பருவம் நல்லா வந்திருக்கு. வழியில கழுதையைப் பாத்தாக்கூட நின்னுட்டா. நாலஞ்சு நாளைக்குத்தான் இந்தச் சூடு தாங்கும். அதுக்குள்ள உம்ம மாப்பிள்ளைய வரச்சொல்லும்" என்றான்.

அதற்குள் லாயத்துக்குள்ளிருந்து பவுனு பெட்டையின் வாசனையைப் பிடித்துவிட்டது. சுவரை உதைத்தது. கயிற்றை இழுத்தது. மேலுதட்டைச் சுருட்டி, பல்லெல்லாம் தெரிய, கூரையைப் பார்த்து நின்றது. கள் இறக்குகிற பனந்தோப்புக்காரர் இரண்டாம் முறையாகத் தூக்கம் கலைந்து வந்தார்.

"பாத்தீரா, என்ன வேகம்!" என்றான் பவுல்ராஜ்.

குப்பண்ணனுக்கு உயிர் வந்தது. நல்ல காரியம் அல்லவா? பவுனுவைக் குளிப்பாட்டினான். நெற்றியில் மஞ்சள், குங்குமம். கழுத்தில் செவ்வந்தி மாலை. நகை போடாமல் மாப்பிள்ளையை யாராவது மணவறைக்கு அனுப்புவார்களா? வீட்டிலிருந்த ஒரே நகை வெண்கல மணிப்பட்டை. அதையும் மாட்டி, ஜல்ஜல்லென்று நடத்திக்கொண்டு வந்தான்.

பவுல்ராஜ் மேடு பள்ளமில்லாத இடமாகப் பார்த்துப் பெட்டையை நிறுத்தி, வாலில் துணி சுற்றி, உதைக்காமலிருக்கப் பின்னங்காலுக்குத் தளை போட்டுத் தயாராக இருந்தான். பெட்டை வாலை ஒருபுறம் ஒதுக்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

பவுனு ஆனைமலையைப் பார்த்தது.

எல்லாரும் காத்திருந்தார்கள். பெட்டை செல்லமாக ஒரு சத்தம் கொடுத்தது. பவுனு கல்லில் செதுக்கினதுபோல நின்றது. குப்பண்ணன் பெட்டைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் மூக்கை இடிக்கவைத்தான். பவுனு அவசரமாக மூக்கைத் திருப்பிக்கொண்டு, நல்லபிள்ளை போல அவன் மடியை முகர்ந்தது. பாவம், பயந்துவிட்டதோ என்று குப்பண்ணன் ஒரு துண்டுச் சர்க்கரையை எடுத்துக் கொடுத்தான். பவுனு சந்தோஷமாகத் தின்றுவிட்டு இன்னும் விறைப்பாக மலையைப் பார்த்தது.

"என்னவே இது, சாமியாரையில்லா கூட்டிட்டு வந்திருக்கீரு! காவி ஒண்ணுதான் பாக்கி" என்றான் பவுல்ராஜ்.

லாயத்துக்குத் திரும்பிப் போய் மணியும் மாலையும் கழற்றிக் கட்டியதும் பவுனு மறுபடி சுவரை உதைத்தது. கத்தியது. குப்பண்ணன் வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்தான். வெளியே முனிவர், உள்ளே மன்மதன். ஒரே குதிரைதானா? பின்புறம் போய் மச்சத்தைக்கூடச் சரிபார்த்துக்கொண்டான். அதே குதிரைதான்.

ஊரில் இல்லாத வைத்தியம் இல்லை. கண்பட்டுவிட்டது என்று ஒருத்தி மிளகாய் சுற்றிப் போட்டாள். கொள்ளுத் தீனியை நிறுத்தி உளுந்து ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார் ஒருவர். உளுந்தை நிறுத்திக் கொள்ளு கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். பண்ணாடி நாட்டுக்கோழி முட்டை அனுப்பினார். பவுனு எல்லாவற்றையும் ருசித்துத் தின்றது. உடம்பில் மெருகு ஏறியது. மறுநாளும் மாலையும் மணியுமாக வந்து ஆனைமலையைத் தரிசித்தது.

"ஆளுகளைக் கண்டு கூச்சப்படுதோ என்னவோ" என்றாள் கருப்பாத்தாள்.

அது குப்பண்ணனுக்கு நியாயமாகப் பட்டது. எல்லாரையும் விரட்டினான். பவுல்ராஜைக்கூட வைக்கோல்போருக்குப் பின்னால் போகச் சொன்னான். தான் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மரியாதைக்காகத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"ஆச்சா அண்ணாச்சி?" என்று வைக்கோல்போர் கேட்டது.

துண்டுக்கு மேல் சூடாக மூச்சு வந்தது. விலக்கிப் பார்த்தான். பவுனு அவன் கையை நக்கிக்கொண்டிருந்தது.

சூடு தணிய ஒரு நாளோ இரண்டு நாளோதான் இருக்கும், அதற்குமேல் பெட்டையே உதைத்துத் தள்ளிவிடும் என்று பவுல்ராஜ் சொல்லிவிட்டான். பண்ணாடி பொள்ளாச்சிக்கு ஆள் அனுப்பிவிட்டார். சாயங்காலமே பெரியமுத்து வந்து சேர்ந்தான். சாதுவான மனிதன், தொழில்தான் அப்படி. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கிட்டிக்கோலைத் துடைத்து எண்ணெய் போட்டான்.

"குப்பண்ணா, போன தடவை நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க. எல்லாக் குதிரைக்குமா அப்படி ஆகுது?" என்றான்.

குப்பண்ணன் போய்ப் பவுனுவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். ஒரு தட்டுக்குமேல் அடிக்காமல் வளர்த்தேனே, சொன்னதைக் கேட்கிற பிள்ளையாக வளர்த்தேனே, எங்கே தப்பு செய்தேன் என்று யோசித்தான். யோசிக்க யோசிக்கத் தலைதான் சுற்றியது. உள்ளே கத்துகிற குதிரை வெளியே ஏன் கத்தவில்லை? வாசலில் என்ன இருக்கிறது? தான் ஏதாவது செய்கிறோமா? மலையைப் பார்க்கிறதே, மலையில் ஏதும் தெரிகிறதா? அவனும் ஒருதரம் போய் வாசலில் நின்று ஆனைமலையைப் பார்த்தான். மலை வழக்கம்போல இருந்தது.

மறுநாள் காலையில் பவுனுவை அலங்கரிக்க உட்கார்ந்தவனுக்கு, மணிப்பட்டையைக் கையில் எடுத்ததும் சட்டென்று பொறி தட்டியது. எடுத்த மணி ஜல்லென்றது. பவுனுவின் காது உடனே நிமிர்ந்தது, கண் மலைப்பக்கம் போயிற்று. குப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அடப்பாவி! மணி கட்டினால் பாதையில் இருக்கிறோம், பெட்டையைப் பார்க்கக் கூடாது என்று தானே அல்லவா அதற்குச் சொல்லிக்கொடுத்தது? அது பெரிய படிப்பாளியாகப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. இவன் அதற்குச் சர்க்கரை வேறு கொடுத்துக்கொண்டிருந்தான்!

பட்டையை மூலையில் வீசினான். மாலையையும் தூக்கி எறிந்தான். வெறுங்கழுத்தில் நீளமாக ஒரு கயிறு மட்டும் கட்டிப் பவுனுவை வெளியே கொண்டுவந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை விஸ்தாரமாக எழுத வேண்டியதில்லை. பனந்தோப்புக்காரர் மட்டும் அன்றோடு வேறு தோப்புக்குப் போய்விட்டார். பவுல்ராஜ் வைக்கோல்போர்மேல் ஏறி நின்று, "அடிச்சான் பாரும்!" என்று கத்தினான். பெரியமுத்து கிட்டிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு, "நம்ம வேலை இங்க இல்லீங்க" என்று பண்ணாடியிடம் சொல்லிப் போய்விட்டான். பெட்டை மறுபடி பருவத்துக்கு வரவில்லை, சினை பிடித்துவிட்டது. மறுவருஷம் செவலையில் நெற்றிக்கோடு போட்ட குட்டி ஒன்று எஸ்டேட் லாயத்தில் தள்ளாடிக்கொண்டு எழுந்து நின்றதாகச் சேதி வந்தது.

பவுனு கிழப்பருவம் எய்தும் வரை காயடிபடாமல் முழுசாக இருந்தது. உடுமலையிலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும் பெட்டைகள் வந்தன. மலைப்பாதைக்கு மணி, பெட்டைக்கு வெறுங்கழுத்து என்று குப்பண்ணன் ஒரு சட்டமே வகுத்துக்கொண்டான். பொலிகுதிரை வளர்க்கிறவர்கள் அவனிடம் வந்து யோசனை கேட்டுப் போனார்கள். அவ்வளவு கூர்மையான புத்தி அந்த மனிதனுக்கு.

இதுவரை எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சாந்தம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் குப்பண்ணனின் கடைசி மகள். மற்றதெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மணிப்பட்டையை வீசிய இடத்தில் கீரைக்காம்பைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பனா வீசினாரு? அன்னைக்கு மணிப்பட்டை அவரு கையிலயே இல்லீங்களே. எங்கம்மா புளி போட்டு விளக்கறேன்னு விடியறதுக்கு முன்னயே எடுத்துட்டுக் கெணத்தடிக்குப் போயிட்டா. இவரு ஊடெல்லாந் தேடிப் பாத்துக் கெடைக்காம, மொட்டைக் கழுத்தோட சபைக்குக் கொண்டு போறமேன்னு அழுதுட்டே கூட்டிட்டுப் போனாரு. சாகற வரைக்கும் கோழிமுட்டைதான் கைகொடுத்துச்சுன்னு சொல்லீட்டு இருந்தாரு. அதுக்கப்புறம் எப்பப் பெட்டை வந்தாலும் அன்னைக்குன்னு பாத்து எங்கம்மாவுக்கு மணி விளக்கற வேலை வந்துரும். எப்பவும் அவரு அவளைத் திட்டிக்கிட்டேதான் குதிரையைக் கொண்டு போவாரு."