புளியரை ஏற்றத்தில் குறைந்த டீசல்

எங்கள் லாரி ஆபீஸ் தென்காசியில், செங்கோட்டை போகும் ரோட்டில் இருக்கிறது. மொத்தம் ஆறு வண்டிகள். ஐந்து வண்டிகள் தூத்துக்குடி, மதுரை, சென்னை என்று சமதளத்தில் ஓடும். ஒன்று மட்டும் கீழப்பாவூர் பக்கத்துக் காய்கறியை ஏற்றிக்கொண்டு புளியரை வழியாக மலை ஏறி எர்ணாகுளம் போகும். மறுநாள் அங்கிருந்து பிளைவுட் ஏற்றிக்கொண்டு திரும்பும். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், சரக்கு எப்போது போய்ச் சேர வேண்டும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையெல்லாம் பார்ப்பது என் வேலை.

எர்ணாகுளம் வண்டியை ஓட்டியவர் இலத்தூர்க்காரர். ஐம்பது வயதிருக்கும். நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். ஆபீஸுக்குள் வந்தாலும் உட்காரமாட்டார். அன்றைய சரக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பேசாத குணமே பின்னால் எனக்குச் சந்தேகமாகத் தோன்றியது.

அந்த வருடம் குற்றால சீசன் தொடங்கிய சமயத்தில் நான் ஒரு மாற்றம் செய்தேன். எர்ணாகுளத்தில் சரக்கு வாங்குகிறவர் கடையை இரவு எட்டு மணிக்குத்தான் திறக்கிறார். எங்கள் வண்டி காலை ஆறு மணிக்கே இங்கிருந்து கிளம்பி, மத்தியானமே அங்கே போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தது. எதற்கு இந்த வீண் காத்திருப்பு என்று, கிளம்பும் நேரத்தைப் பத்தரை மணி ஆக்கினேன். முதலாளி, "நல்ல யோசனைதாம்மா" என்றார். அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை.

"காலையிலேயே ஏறிட்டா நல்லதும்மா. ரோடு காலியா கெடக்கும்."

"சீக்கிரம் போய் அங்கன என்ன செய்யப் போறிய அண்ணாச்சி? ஆறு மணி நேரம் சும்மாதான நிக்கிய?"

அவர் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த ஆறு மணி நேரத்தில் அங்கே இவருக்கு என்ன வேலை என்று அன்றைக்கே மனதுக்குள் ஒரு கேள்வி விழுந்தது.

அடுத்த மூன்று வாரத்தில் அந்த வண்டியின் மைலேஜ் இறங்க ஆரம்பித்தது. ஐந்து கொடுத்துக்கொண்டிருந்த வண்டி நாலரைக்கு வந்தது. அப்புறம் நாலே கால். நான் கேட்டேன். "சீசன் கூட்டம்மா" என்றார். அவ்வளவுதான். சென்னை வண்டி டிரைவர் ஒருநாள் சீட்டு வாங்க வந்தபோது, நான் கேட்காமலேயே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மலைக்கு அந்தப் பக்கம் டீசல் வெல கூட. இங்கன உள்ள டீசலுக்கு அங்கன ஆளு உண்டு. நான் யாரையும் சொல்லல, பொதுவாச் சொல்லுதேன்."

பொதுவாகச் சொன்னாலும் எனக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி எல்லா வண்டிகளிலும் டீசல் டேங்கில் சென்சார் மாட்டினார். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் டீசல் சட்டென்று குறைந்தால் என் போனுக்கு மெசேஜ் வரும். மாட்டிய நாலாம் நாளே வந்தது, எர்ணாகுளம் வண்டியிலிருந்து. இருபத்தாறு லிட்டர் குறைவு. இடம், புளியரை தாண்டி மலை ஏற்றம். அடுத்த பயணத்திலும் அதே இடம், இருபத்தெட்டு லிட்டர். அதற்கடுத்த தடவையும் அங்கேதான். மற்ற ஐந்து வண்டிகளிலிருந்து ஒரு மெசேஜ்கூட இல்லை.

நான் நினைத்தது சரியாகிவிட்டதே என்று எனக்கு ஒரு கிளர்ச்சி. இன்றைக்கு நினைத்தால் அதுதான் கூச்சமாக இருக்கிறது.

முதலாளியிடம் போனைக் காட்டினேன். அவர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, ஆபீஸில் நாலு பேர் நிற்கும்போதே, "புளியரை ஏத்தத்துல வண்டிய ஏன் நிப்பாட்டுதிய?" என்று கேட்டார்.

"எஞ்சின் சூடு ஆற."

"எஞ்சின் மட்டும்தான் ஆறுதா?"

அண்ணாச்சி முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

அவரை உடனே வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றார் முதலாளி. நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். சார்ஜாவிலிருக்கும் என் வீட்டுக்காரர் போனில் இதைக் கேட்டுவிட்டு, "உனக்கு எதுக்கு இந்தப் போலீஸ் வேல?" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பயணம் ஒரு சனிக்கிழமை. அண்ணாச்சி பத்தரைக்குக் கிளம்பினார். நான் அதற்கு அரை மணி நேரம் முன்பே ஸ்கூட்டியில் புறப்பட்டேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலம் திரும்பும் இடத்திலேயே கார்களும் வேன்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஈரத் துண்டோடு ஆட்கள் குறுக்கே நடந்தார்கள். ஸ்கூட்டி என்பதால் இடுக்கில் புகுந்து போய்விட்டேன். செங்கோட்டை தாண்டியும் கூட்டம் விடவில்லை. அருவியில் குளித்துவிட்டுக் கேரளா போகிறவர்கள், அங்கிருந்து குளிக்க வருகிறவர்கள் என்று வரிசையாக வண்டிகள் நகர்ந்தன. அவ்வளவையும் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. என் யோசனை முழுவதும் டேங்கின் மேல் இருந்தது.

புளியரைக்கு மேல், மெசேஜில் வந்த இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. ரெயின்கோட் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சின் மூலையில் உட்கார்ந்தேன். ஒன்றேகால் மணி நேரம் ஆகியும் வண்டி வரவில்லை. வழியிலேயே வேலையை முடித்துவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது. கடைசியில் கார்களுக்குப் பின்னால் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறி வந்தது. கடைக்கு நேர் எதிரே, மூக்கை மேல்நோக்கி, ஓரமாக நின்றது.

அண்ணாச்சி இறங்கினார். சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிறகு கேபினுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை கேனை எடுத்தார்.

போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். ஆனால் அவர் டேங்க் பக்கமே போகவில்லை. ரோட்டைக் கடந்து, கடையை ஒட்டி மலைத் தண்ணீர் விழும் குழாய்க்கு வந்து கேனை வைத்தார். கூட்டாளி யாராவது வந்து டேங்கைத் திறப்பானோ என்று வண்டியையே பார்த்தேன். யாரும் வரவில்லை. பத்து நிமிடம் போனது. அவர் ஒரு டீ வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தார்.

அப்போது என் கையிலிருந்த போன் சத்தம் போட்டது. இருபத்தேழு லிட்டர் குறைவு.

டேங்க் என் கண் முன்னால், இருபது அடியில் இருக்கிறது. மூடி பூட்டியபடியே இருக்கிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. போனைப் பார்த்தேன், டேங்கைப் பார்த்தேன். சத்தம் கேட்டு அண்ணாச்சி திரும்பினார்.

"ஏம்மா, இங்கன என்ன செய்யுத?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. போனை நீட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கி வாசித்தார். போய்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மோந்து பாரு."

"வேண்டாம் அண்ணாச்சி."

"பாக்கத்தான வந்த? மோந்து பாரு."

முகர்ந்தேன். தண்ணீர்தான்.

"ரேடியேட்டருக்கும் ஊத்துவேன், குடிக்கவும் செய்வேன். இவ்வளவுதான் இங்கன நடக்குது" என்று சொல்லிவிட்டு, கல்லை எடுத்துப் போட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் முதல் தடவையாக மெசேஜை விட்டுவிட்டு அந்த வண்டியின் டீசல் அளவைக் காட்டும் கோட்டுப்படம் முழுவதையும் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் ஏற்றத்தில் நின்றதும் கோடு கீழே இறங்குகிறது. மலை தாண்டிச் சமமான ரோடு வந்ததும் பழைய அளவுக்கே ஏறிவிடுகிறது. குறைந்தால்தான் மெசேஜ் வரும்; திரும்ப ஏறினால் வராது. சென்சார் மாட்டியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த வண்டியில் டேங்குக்கு நடுவில் இடம் இல்லாததால் முன்பக்க ஓரத்தில் மாட்டினாராம். வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் டீசல் பின்னால் போய்விடும், சென்சாருக்குக் குறைந்த மாதிரி தெரியும் என்று சாவகாசமாகச் சொன்னார். மலை ஏறும் வண்டி அது ஒன்றுதான்.

மைலேஜ் குறைந்ததற்கும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. நான் ஸ்கூட்டியில் புகுந்து வந்த அந்தக் கூட்டத்துக்குள்தான் அவர் பாரம் ஏற்றிய லாரியை வாரம் மூன்று நாள் உருட்டிக்கொண்டிருந்தார். கிளம்பும் நேரத்தைப் பழையபடி காலை ஆறு ஆக்கினேன். இரண்டு வாரத்தில் மைலேஜ் நாலே முக்கால் வந்துவிட்டது. ஐந்து வரவில்லை. அந்தக் கால் எங்கே போனது என்று இன்றும் எனக்குத் தெரியாது. வண்டிக்கு வயதாகிறது என்று சொல்லிக்கொள்கிறேன். எல்லா நாளும் அதை நம்ப முடிவதில்லை.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "சரி விடும்மா, மெஷின்னா அப்படித்தான்" என்றார். அண்ணாச்சியிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவர் எர்ணாகுளத்திலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே, ஆபீஸ் வாசலில் வைத்து, தப்பு என்மேல்தான் என்றேன்.

"சரிம்மா" என்றார். கோபப்படவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த பயணத்தன்று காலை ஐந்தே முக்காலுக்கு எனக்குப் போன் செய்து, ஆபீஸுக்கு வரச் சொன்னார். போனால் கையில் ஒரு நீளமான மர ஸ்கேலை வைத்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நிற்கிறார். டேங்க் மூடியைத் திறந்து ஸ்கேலை உள்ளே விட்டு எடுத்தார். டீசல் நனைந்த இடத்தை என்னிடம் காட்டினார். "எழுதிக்கோ. கையெழுத்துப் போட்டு எனக்கு ஒண்ணு குடு." எழுதிக் கொடுத்தேன். அதைப் போனில் படமும் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் அதேபோல இன்னொன்று.

அதிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் இதுதான் வழக்கம். சென்சாரை நடுவில் மாற்றி மாட்டியாகிவிட்டது. புளியரையிலிருந்து மெசேஜ் வருவதே இல்லை. போன மாதம் ஒருநாள், மழையில் நனைந்துகொண்டே கையெழுத்துப் போடும்போது சொன்னேன்: "இனி இது வேண்டாமே அண்ணாச்சி. எனக்கு உங்க மேல சந்தேகம் இல்ல."

அவர் ஸ்கேலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு இல்லம்மா" என்றார். "எனக்கு இருக்குல்லா."

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.