கருடனுக்குப் பொறுப்பு ஹேமநாதன்

செண்டாயான் தொழிற்சாலையில் ஹேமநாதனின் வேலை, வேண்டாம் என்று சொல்வது. கார் கதவுக்குப் பொருத்தும் பிளாஸ்டிக் கைப்பிடிகள் அவர் முன்னால் வரும். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் சிவப்பைப் பிய்க்க மாட்டார். "கீறல் எனக்குத் தெரியுது சார். தெரியாத மாதிரி இருக்க வராது" என்பார். நான் வெளிநாட்டிலிருந்து வந்து அதே மேனேஜருக்குக் கீழே வேலை பெர்மிட்டில் இருப்பவன். பெர்மிட் புதுப்பிக்கிற மாதங்களில் அவர் பக்கத்தில் நிற்கவே எனக்குப் பயம்.

அம்பாங்கானில் அவர் வீட்டு மாடியறையில்தான் குடியிருக்கிறேன் என்பதால், அவருடைய சனி ஞாயிறும் எனக்குத் தெரியும். பறவை பார்க்கப் போவார். மாசி பிறந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. வந்த பறவைகளெல்லாம் வடக்கே திரும்புகிற காலம் அது. லுக்குட் அலையாத்திக் காட்டோரம் முழங்கால் சேற்றில் நின்று உள்ளான்களைப் பார்ப்பார். கிளம்புவதற்கு முன்னால் அவை தின்று கொழுத்து, வயிறு செங்கல் நிறமாகிவிடும். "கல்யாணத்துக்குப் பொறப்படுது" என்பார். லிங்கி பக்கத்துச் சதுப்பில் உண்ணிக்கொக்குகளுக்குத் தலை காவியாவதை வாராவாரம் போய்ப் பார்த்து வருவார். பங்குனியில் போர்ட்டிக்சன் முனையில் நின்றால், சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டித் தேன்பருந்துகள் கூட்டமாக வரும். பக்கத்தில் நிற்பவர்கள் தூரத்துப் புள்ளியைக்கூடப் பருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள். இவர் மட்டும், "தெளிவா பாக்கல, விட்டுடுங்க" என்பார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். நான் கண்டதில் பாதி பறவை, மீதி என் கண்ணுக்குள்ளேயே மிதக்கிற தூசி. மறுநாளே கண் டாக்டரிடம் போனேன்.

அவர் மனைவி விமலாவுக்கு இதெல்லாம் மானக்கேடு. ஒரு சாயங்காலம் மின்கம்பியில் உட்கார்ந்த பஞ்சுருட்டானை இவர் பைனாகுலரில் பார்க்க, அதற்கு நேர் பின்னால் எதிர்வீட்டு மாடி ஜன்னல் இருந்தது. போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் விமலா, "அவருக்கு ஓவர்டைம்" என்று சொல்லிவிடுவார். ஓய்வே இல்லாமல் உழைத்து, ஏனோ இடுப்புவரை சேற்றோடு வீடு திரும்புகிறவர் என்றுதான் சொந்தக்காரர்களுக்கு ஹேமநாதனைத் தெரியும்.

விமலாவின் அண்ணன் சுகுமாறன், பெடாஸ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையார் கோயிலுக்குத் தலைவர். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, சனம் எல்லாம் டவுனுக்குப் போனபிறகும் கோயில் மட்டும் செம்பனை நடுவில் நிற்கிறது. அதற்குப் புதிதாகக் கோபுரம் கட்டிப் பங்குனியில் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். கும்பத்து நீரை ஊற்றுகிற நேரத்தில் கருடன் வந்து மேலே வட்டமிட வேண்டும். போன கும்பாபிஷேகத்துக்கு வந்தது ஒரு காக்கா. அதற்குப் பிறகு கமிட்டி இரண்டாக உடைந்தது, ஜெனரேட்டர் களவு போனது, தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, சுகுமாறனுக்குச் சர்க்கரை வந்தது. நாலுக்கும் காரணம் அந்தக் காக்காதான் என்பதில் உடைந்த இரண்டு கமிட்டிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சுகுமாறன் தங்கை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, ஓவர்டைம்னு சொல்லிட்டு நீங்க பறவ பாக்கப் போறது எனக்குத் தெரியும்லா. போர்ட்டிக்சன்ல என் ஆளுங்க பாத்திருக்காங்க."

சமையலறையில் விமலா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

"நான் திட்ட வரல. எனக்குக் கருடன் வேணும். ஒன்னு போதும். ஒன்பதரைக்குள்ள."

"பறவைய நான் எப்படி மச்சான் வரச்சொல்றது?"

"யாரு வரச்சொல்லச் சொன்னா? அது எங்க இருக்கு, எப்பக் கெளம்பும், எந்தப் பக்கம் போவும், எல்லாம் ஒங்களுக்குத் தெரியும், பஸ் டைம் மாதிரி. நீங்க டைம் சொல்லுங்க, முகூர்த்தத்த நான் குருக்கள்கிட்ட பேசிக்கிறேன்."

ஹேமநாதன் யோசித்தார். "செம்பருந்ததான் நம்மாளுங்க கருடன்னு கும்புடுறது. வெயில் ஏறுனதும் லிங்கி ஆத்துப் பக்கம் இருந்து தோட்டத்துக்கு மேல வரும். வரலாம்."

"அந்த 'லாம்' வேணாம் மாப்ள, எடுத்துடுங்க."

"இன்னொன்னு மச்சான். அந்த வாரத்துல சுமத்ரா தேன்பருந்து கூட்டம் கூட்டமா வரும். கீழ இருந்து பாத்தா ஏமாத்திடும். ஆனா அது கருடன் இல்ல."

"கூட்டமா வருமா?" சுகுமாறனின் முகம் மலர்ந்துவிட்டது. "எத்தன வந்தாலும் வரட்டும். சாப்பாடு நெறையச் சொல்லியிருக்கு."

அழைப்பிதழில் தண்ணீர்ப்பந்தலுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நடுவே, 'கருடப் பொறுப்பாளர்: திரு. ஹேமநாதன்' என்று அச்சாகி வந்தது. அதே எழுத்தோடு மஞ்சள் டீசட்டையும் வந்தது. விமலா அதை இரண்டு தடவை அயர்ன் செய்தார். அழைப்பிதழை வீடு வீடாக அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். "எங்க வீட்டுக்காரருக்குப் பறவன்னா எல்லாம் தெரியும். கமிட்டியே தேடி வந்து கூப்புட்டாங்க" என்று, முன்பு போலீஸைக் கூப்பிட்ட எதிர்வீட்டம்மாவிடமே சொன்னதை மாடியிலிருந்து கேட்டேன்.

ஹேமநாதனுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. வேலைக்குப் போகும் வேனில் என்னிடம் சொன்னார்: "இப்பத்தான், எங்க போறீங்கன்னு கேட்டு, தண்ணி போத்தல் குடுத்து அனுப்புறா. அன்னிக்கு மட்டும் கருடன் வரல, பொறவு சாவுற வரைக்கும் எனக்கு ஓவர்டைம்தான்."

"எது வந்தாலும் கருடன்னு சொல்லிடுங்களேன்" என்றேன். பயத்தில் வருகிற யோசனை எனக்கு இப்படித்தான் வரும்.

கீறல் விழுந்த கைப்பிடியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

கும்பாபிஷேகத்தன்று கோபுரத்தின் ஒரு பக்கம் சாரம் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. அதன் உச்சிப் பலகையில் மஞ்சள் டீசட்டை, வேட்டி, பைனாகுலர், கையில் மைக்கோடு ஹேமநாதன் நின்றார். கருடன் வந்ததும் அறிவிக்க வேண்டும் என்று மைக்கைக் கொடுத்திருந்தார்கள். அதை எப்படி மூடுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் மூச்சு விடுவது நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது. கலசத்துக்குப் பக்கத்தில் குருக்கள் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே எழுநூறு பேராவது இருப்பார்கள்.

முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது மேற்கே ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு பத்து. பிறகு நாற்பதுக்கு மேல். வெயிலில் சூடான காற்றைப் பிடித்து, சொல்லி வைத்ததுபோலக் கோபுரத்துக்கு நேர் மேலே வட்டமடித்து வட்டமடித்து ஏறின. அவ்வளவு ஒழுங்கான வட்டத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நாதஸ்வரமும் தவிலும் பிய்த்துக்கொண்டு கிளம்பின. எனக்கு முன்னால் நின்ற, பழைய தோட்டத்துக்காரரான முத்தாயி அக்காவுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. குருக்கள் குடத்தைத் தூக்கிவிட்டார்.

"அது இல்ல" என்றன நாலு ஒலிபெருக்கிகளும்.

தவில் நின்றது. சுகுமாறன் சாரத்துக்கடியில் ஓடிவந்து மேலே பார்த்து ஏதோ சொன்னார். அவரிடம் மைக் இல்லை. அதனால் மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டதில் ஒரு பாதிதான் சனத்துக்குக் கேட்டது.

"தேன்பருந்து மச்சான்."

கீழே கை ஆடியது.

"வட்டந்தான் அடிக்குது. தலை சின்னது, கழுத்து நீட்டம். கருடன் இல்ல."

கீழே இரண்டு கையும் ஆடின.

"குளவிக் கூட்டத் திங்கும்."

கீழே நெடுநேரம் பேசப்பட்டது.

"எங்கம்மாவ ஏன் மச்சான் இழுக்குறீங்க?"

முத்தாயி அக்கா குரல் கொடுத்தார். "தம்பி, நாப்பது வந்திருக்கு. அதுல ஒன்னாச்சும் கருடனா இருக்காதா?"

நியாயமான கேள்வி என்று ஹேமநாதனுக்குப் பட்டிருக்க வேண்டும். பைனாகுலரைத் தூக்கி ஒவ்வொன்றாகச் சோதித்தார். சோதித்து முடிக்கிற வரைக்கும் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு எழுநூறு பேர் நின்றோம். "எல்லாத்தையும் பாத்துட்டேன்கா. இல்ல."

சுகுமாறன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அது கருடன்னு நெனைக்கிறவங்க கையத் தூக்குங்க." ஏற்கெனவே பாதிப் பேர் தலைக்கு மேலே கை கூப்பிக்கொண்டுதான் நின்றார்கள். எது பக்தி, எது ஓட்டு என்று எண்ண முடியவில்லை. எதிர்க் கமிட்டிக்காரர்கள், சுகுமாறன் கேட்டார் என்பதற்காகவே, கூப்பிய கையை இறக்கிக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரன் ஓட்டுப் போட்டதாக யாரும் எழுதிவிடக் கூடாதே என்று நான் என் கையை நெஞ்சுக்கு நேராக, எதிலும் சேராத உயரத்தில் வைத்துக்கொண்டேன். இந்தச் சச்சரவு எதையும் பொருட்படுத்தாமல் தேன்பருந்துகள் வடக்கே நழுவிப் போய்விட்டன.

புதுப் பட்டுச்சேலையில் விமலா தனியாக நின்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொரு அடியாகத் தள்ளிப்போயிருந்தார்கள். "பாத்துக்க ஒன் புருஷன" என்றார் சுகுமாறன்.

அப்போது ஒலிபெருக்கியில், "கருடன் இருக்கு" என்று கேட்டது.

ஹேமநாதனின் கை கோயில் திடலுக்கு அப்பால், பட்டுப்போன ஒரு செம்பனையைக் காட்டியது. மொட்டை மரத்தின் உச்சியில் செங்கல் நிற முதுகும் வெள்ளைத் தலையுமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. "எல்லாரும் வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார், கொஞ்சம் மன்னிப்புக் கேட்கிற குரலில். எழுநூறு பேரும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தைக் கும்பிட்டோம்.

குருக்கள் மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தார். "உக்காந்துண்டிருக்கே. வட்டம் போட வேண்டாமா?"

"சாப்புடுது சாமி."

"என்ன சாப்பிடறது?"

ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லுங்கோ. என்னது அது?"

"எலி."

பிள்ளையார் கோயில். அந்தச் சொல் செம்பனை வரிசைகளுக்குள் போய்த் திரும்பி வந்தது. கருவறைக்கு முன்னால் புதிதாகப் பாலிஷ் போட்டு வைத்திருந்த கல் மூஞ்சுறுவை எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். காக்காவே வந்திருக்கலாம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். சுகுமாறன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தவளையா இருக்கும்லா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"வால் தொங்குது" என்றது ஒலிபெருக்கி.

சுகுமாறன் எழுந்து தங்கையிடம் வந்தார். "விமலா, நீ பாரு. நீ தவளைன்னு சொல்லிட்டீன்னா தவளைதான். ஒன் வாயால வந்தா சனங்க நம்பும். நம்ம குடும்ப மானம்." பைனாகுலரைக் கீழே இறக்கச் சொன்னார். சிமெண்டு ஏற்றுகிற வாளியில் அது கயிற்றில் ஆடி ஆடி இறங்கி வந்தது.

விமலா அதற்குமுன் அதைத் தொட்டதே இல்லை. தலைகீழாகப் பிடித்தார். முத்தாயி அக்கா திருப்பிக் கொடுத்தார். கண்ணில் வைத்தார். மரத்தைத் தேடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினார். பிறகு கை நின்றுவிட்டது.

"என்ன தெரியுது?" என்றார் சுகுமாறன்.

விமலா முழங்கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார்.

"விமலா. தவளைதான?"

"இருண்ணே."

"சனம் நிக்கிது."

"எலிதான்ணே. தலைய மொதல்ல தின்னுருச்சு." குரலில் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. "கண்ணுல மை வெச்சாப்ல இருக்கு. நெஞ்சப் பாருங்களேன், வெள்ளையா, தொவச்சுப் போட்ட மாதிரி. யாரும் சத்தம் போட வேணாம். அது இன்னும் தின்னு முடிக்கல."

அவ்வளவுதான். எழுநூறு பேரும் வாயை மூடிக்கொண்டோம். தவில்காரர் குச்சியை மடியில் வைத்துக்கொண்டார். கருடன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று ஒரு கும்பாபிஷேகமே காத்திருந்தது. குருக்கள் தூக்கிய குடத்தை மறுபடி தோளில் இறக்கிக்கொண்டார்.

"இன்னும் எவ்வளவு நாழி?" என்று மைக்கில் மெல்லக் கேட்டார்.

"வால் மட்டும் பாக்கி சாமி" என்றார் கீழே இருந்து விமலா.

வாலும் உள்ளே போனது. பறவை அலகை மரத்தில் இரண்டு தரம் தேய்த்தது. இறக்கையைப் பிரித்துத் திடலைக் கடந்து வந்தது. கோபுரத்தைச் சுற்றித் தாழ்வாகப் போனது. பிறகு லிங்கி பக்கமே திரும்பிவிட்டது.

குருக்கள் ஹேமநாதனைப் பார்த்தார். சுகுமாறனும் பார்த்தார். வட்டம் என்று அறிவிக்க வேண்டும்.

"அரை வட்டம்" என்றார் ஹேமநாதன்.

"முக்காலுங்க" என்றார் விமலா, கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே.

"அரைதான் விமலா. கோபுரத்துக்குப் பின்னால போனது எனக்குத் தெரியல."

"ஒங்களுக்குக் கோபுரம் மறைக்குது. நான் இங்கிட்டு நிக்கிறேன்ல. சுத்தி வந்துதான் திரும்புச்சு. தெளிவா பாத்தேன்."

குடத்து நீர் குருக்களின் தோளில் வழியத் தொடங்கியிருந்தது. ஹேமநாதன் சாரத்தின் மேலிருந்து மனைவியைப் பார்த்தார். நாலு ஒலிபெருக்கியிலும் மூச்சு ஒருமுறை நின்று வந்தது.

"முக்கால் வட்டம். பாத்தது விமலா" என்று அறிவித்தார்.

குருக்கள் ஊற்றினார். கலசத்தில் விழுந்து, கோபுரத்தில் வழிந்து, கீழே நின்ற எங்கள் எல்லார் மேலும் தெறித்தது. தவில் வெடித்தது. இரண்டு கமிட்டிக்காரர்களும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு தீர்த்தத்துக்குத் தலையை நீட்டினார்கள். சுகுமாறன் சாப்பாட்டுப் பந்திக்கு ஏற்பாடு பண்ணப் போனார்.

ஹேமநாதன் இறங்கி வந்தபோதும் விமலா அதே இடத்தில்தான் நின்றார். பட்டுச்சேலை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. பைனாகுலர் வடக்கே திரும்பியிருந்தது.

"ஏங்க, அந்த நாப்பதும் எங்க போச்சு?"

"வடக்க. சைபீரியா வரைக்கும் போவும்."

"நாளைக்கு வருமா?"

"நாளைக்கு வர்றது வேற."

"எத்தன மணிக்கு?" என்றார் விமலா.