கடைசி நாள் ரோல்ஸ்

புவாண்ட்-கிளேரில் ஒரு பெரிய கடைக் கம்பனியின் வேர்ஹவுஸில் பெட்டி ஒட்டுகிற வேலை எனக்கு. ஒருநாள் சுப்பவைசர் தம்பி, எங்கள் ஆள்தான், பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"அன்ரி, வாற வெள்ளியோட வேலைக்கு வந்தது காணும். உங்கட வயசுக்கு இனி வீட்டில ரெஸ்ட் எடுங்கோ."

நான் கேட்காத ரெஸ்ட். எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லை, அடுத்த பெட்டியை எடுத்து ஒட்டினேன்.

ஆனாலும் இத்தனை காலம் இருந்த இடத்தை விட்டுச் சும்மா எழும்பிப் போக மனம் வரவில்லை. கடைசி நாள் விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்தேன். வெள்ளிக்கிழமை என்றபடியால் மரக்கறி. எல்லோருக்கும் கொடுத்தேன், சுப்பவைசர் தம்பிக்கும். அவருக்கு நீட்டும்போது யாரோ போனில் படம் எடுத்தார்கள். படம் என்றால் சிரிக்கத்தானே வேண்டும், சிரித்தேன்.

கூட வேலை செய்தவர்கள்தான் என்னை ஒரு சட்டத்தரணிப் பிள்ளையிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். மட்டக்களப்புப் பிள்ளை. எங்களுடையது மற்ற மாகாணங்களுக்கு லொறி அனுப்புகிற பகுதி என்பதால் வழக்கு மத்திய அரசின் பெடரல் கோர்ட்டுக்குப் போனது. நான் கேட்டது என் வேலையை மட்டும். நானே விரும்பி விலகினேன் என்றது கம்பனி. அதற்குச் சாட்சி அந்தப் படம்.

கோர்ட்டுக்கு முதல், கம்பனி லோயர் தன்னுடைய ஒபிசில் வைத்து என்னைக் கேள்வி கேட்க வேண்டுமாம். ஓரிடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா? ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் கொண்டுபோனேன். எங்கள் பிள்ளை தலையில் கை வைத்தார். லோயர் ருசித்துச் சாப்பிட்டார். பிறகு படத்தை மேசையில் வைத்து, வேலையால் நிறுத்தப்பட்டவர் நிறுத்தினவருக்கே இப்படிச் சிரித்துச் சிரித்துப் பரிமாறுவாரா என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்த பெண் அதைத் தமிழில் சொன்னார்.

நான் ரோல்ஸ் பெட்டியைக் காட்டினேன்.

"உங்களுக்கும்தானே தந்தனான்."

அதையும் மொழிபெயர்த்தார்கள், ரைப் அடித்தார்கள். லோயர் கையில் பாதி ரோல் இருந்தது. அதை மெல்லத் தட்டில் வைத்தார். எங்கள் பிள்ளை எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்து சிரித்தார்.

பேந்து, கோர்ட் நாள் வருமுன்னமே, கம்பனி இறங்கி வந்து வேலையைத் திரும்பத் தந்தது. பெடரல் கோர்ட் நீதிபதி எப்படி இருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பப் போன அன்று சுப்பவைசர் தம்பி வாசலில் நின்றார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

"வாங்கோ அன்ரி. ரோல்ஸ் ஒண்டும் இல்லையோ?"

இருந்தது, கொடுத்தேன்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். யாருக்கும் சாப்பாடு கொடுங்கள். படம் எடுக்கப் போனைத் தூக்கினால் மட்டும் சிரிக்காதீர்கள்.